98 காட்டும்போது மூச்சு ஏன் இப்படி வாங்குகிறது?

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவருக்கு வயது 23. தென்மாவட்டம் ஒன்றில் சிற்றூர். பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். எழுத்துத் தேர்வைப் பற்றிக் கவலை இல்லை. 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி முடிப்பதுதான் தடையாக நிற்கிறது. பள்ளி மைதானத்தில் தினமும் காலையில் ஓடுகிறார். முதல் 100 மீட்டரை 24 வினாடியில் கடந்துவிடுகிறார். அதன்பின் மூச்சு முட்டி, கால் கனத்து, முடிக்கும்போது 2 நிமிடம் 50 வினாடி ஆகிவிடுகிறது. ஓடி முடித்தபின் பத்து நிமிடம் வறட்டு இருமல். கொரோனா காலத்தில் வீட்டில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறது. ‘ஆக்சிஜன் சரியாகத்தான் இருக்கிறது, உனக்கு மனதில்தான் பலவீனம்’ என்கிறார் அண்ணன். காணொளிகளைப் பார்த்து, ஓடுவதற்கு முன் முப்பது முறை ஆழமாக மூச்சிழுப்பது, மூக்கால் மட்டுமே சுவாசிப்பது, முகமூடி கட்டிக்கொண்டு ஓடுவது, மூச்சை அடக்கிப் பழகுவது எல்லாவற்றையும் செய்துபார்த்துவிட்டார். பலன் இல்லை. ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்ததுதான் மிச்சம். கடிதத்தின் அடியில், விட்டுப்போனதைச் சேர்ப்பதுபோல இரண்டு வரிகள்: மாதவிடாய் ஏழெட்டு நாள் நீடிக்கும், பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லும் பழக்கம் உண்டு, அதற்காக அம்மா திட்டுகிறார். ‘இன்ஹேலர் வாங்கலாமா என்று கேட்டால், அது பழகிவிடும், கல்யாணத்துக்குத் தடையாகும் என்று அம்மா பயப்படுகிறார். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் என்ன செய்வது டாக்டர்?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண்ணை நிறுத்தியவை அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான். அவற்றுக்கு வருகிறேன். அதற்கு முன் உங்கள் அண்ணன் சொன்னதை ஒதுக்கி வைத்துவிடுவோம். மூச்சு முட்டும் என்று தெரிந்தே தினமும் விடியற்காலையில் மைதானத்துக்குப் போகிற பெண்ணுக்கு மனபலம் குறைவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் உடலில் ஏதோ நடக்கிறது. அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு, ஓடும்போது மூச்சை எது நடத்துகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது உதவும். நீங்கள் செய்துபார்த்த பயிற்சிகள் ஏன் பலிக்கவில்லை என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

மூச்சு யார் சொல்லைக் கேட்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை மூச்சு விடுகிறோம். ஒரு தடவைக்கு அரை லிட்டர் காற்று. ஆக, நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர். முழு வேகத்தில் ஓடும்போது உங்கள் வயதுப் பெண்ணுக்கு அது 80 லிட்டருக்கு மேலேயும் போகும். இந்தக் கணக்கை நாம் யோசித்துப் போடுவதில்லை. மூளைத்தண்டின் அடியில் முகுளம் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புக் கூட்டம் உதரவிதானத்துக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கும் ஓயாமல் ஆணை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஆக்சிஜன் குறைந்தால்தான் மூச்சு வாங்கும் என்பது உங்கள் அண்ணனின் எண்ணம். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஓய்வாக இருக்கும்போது மூச்சின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கரியமில வாயு. பிரிட்டனில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். நுரையீரலில் அந்த வாயு இம்மியளவு கூடினாலே மூச்சு பெருகிவிடும். ஆக்சிஜனைக் கண்காணிக்கவும் உடலில் ஓர் உறுப்பு உண்டு. கழுத்துத் தமனி கிளைபிரியும் இடத்தில், அரிசிமணி அளவில், இரு பக்கமும் ஒன்றொன்று இருக்கிறது. அதன் வேலையைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஆக்சிஜன் விஷயத்தில் அந்த உறுப்பு உரக்கக் குரல் கொடுப்பது, உங்கள் கருவியில் 90-க்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிலைமை மோசமானபிறகுதான். நீங்கள் அந்த நிலையில் இல்லை.

ஓடும்போது இன்னும் வியப்பான ஒன்று நடக்கிறது. மிதமான ஓட்டத்தில் தமனி ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவதில்லை, கரியமில வாயுவும் கூடுவதில்லை. இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஆனாலும் மூச்சு பல மடங்கு பெருகுகிறது. டென்மார்க்கில் க்ரோக், லிண்ட்ஹார்ட் இருவரும் 1913-இல் ஒன்றைக் கவனித்தார்கள்: உடற்பயிற்சி தொடங்கிய உடனேயே, தசையிலிருந்து ரத்தம் எந்தச் செய்தியையும் கொண்டுவருவதற்கு முன்பே, மூச்சு எகிறிவிடுகிறது. காலுக்கு ‘ஓடு’ என்று ஆணையிடும்போதே மூளை அதன் நகலைச் சுவாச மையத்துக்கும் அனுப்பிவிடுகிறது. அடுத்து, வேலை செய்யும் தசைகளிலிருந்து நரம்புகள் வழியே செய்தி வருகிறது. ரத்தத்தின் வேதியியலைப் பார்க்கும் உணர்விகள் கடைசியாக வந்து அளவைத் திருத்துகின்றன. கரியமில வாயுவை உணரும் திறனே இல்லாமல் பிறக்கும் சில குழந்தைகள் உண்டு. தூங்கும்போது அவர்களுக்குச் சுவாசக் கருவி தேவைப்படும். அவர்களும்கூட ஓடும்போது மூச்சைப் பெருக்குகிறார்கள். இந்த ஆணைகளில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் உடலியங்கியலில் இன்றும் முடியவில்லை.

ஆகவே, மூச்சு வாங்கும்போது 98 காட்டுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. உங்கள் மூச்சு தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் அந்த 98 நிற்கிறது.

பிறகு ஏன் முட்டுகிறது? ஒரு காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 400 மீட்டருக்கு 150 வினாடி என்றால் 100 மீட்டருக்கு 37 வினாடிக்குச் சற்று மேல். நீங்களோ முதல் 100 மீட்டரை 24 வினாடியில் ஓடுகிறீர்கள். மீதி 300 மீட்டருக்கு 146 வினாடி ஆகிறது. ஒவ்வொரு நூறுக்கும் ஏறத்தாழ 49 வினாடி. அந்த முதல் பாய்ச்சலில் தசைகள் வரும் ஆக்சிஜனுக்குக் காத்திருக்க முடியாமல் வேறு வழியில் சக்தியை எடுக்கின்றன, அமிலம் சேருகிறது. அமிலத்தை முறிக்கும்போது கூடுதலாகக் கரியமில வாயு பிறக்கிறது. கழுத்துத் தமனியில் உள்ள அந்த உறுப்பு அமிலத்தையும் உணர்ந்து மூச்சை விரட்டுகிறது. பேச்சு வராத அந்த மூச்சிரைப்பு இப்படித்தான் உண்டாகிறது. யாராக இருந்தாலும் இது நேரும். ஆனால் உங்களுக்கு அது அளவுக்கு மீறி, சீக்கிரமே நேர்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

பச்சரிசியும் ஏழெட்டு நாளும்

பச்சரிசி, சாம்பல், விபூதி, சாக்பீஸ், செங்கல் தூள் போன்றவற்றைத் தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுவதில் பயன் இல்லை. இரும்புச்சத்து ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசை தானாகவே போய்விடும். கூடவே ஏழெட்டு நாள் மாதவிடாய். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, உங்களுக்கு ரத்தசோகை இருக்கும் வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ‘ஒல்லியான உடம்பு’, ‘சோம்பல்’, ‘மனபலம் இல்லை’ என்று வீடுகளில் வேறு பெயர்களைச் சூட்டி அது வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

ரத்தசோகை என்றால் கருவி 98 காட்டுமா என்று கேட்பீர்கள். காட்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் சொல்வது, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எவ்வளவு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே. மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஊருக்கு வரும் பஸ்களில் எல்லா இருக்கையும் நிரம்பியிருக்கலாம். ஆனால் பத்து பஸ் ஓட வேண்டிய தடத்தில் ஆறுதான் ஓடுகிறது என்றால் போய்ச்சேரும் ஆட்கள் குறைவுதானே. 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13 கிராம் உள்ளவருக்கு அந்த அளவு ரத்தம் சுமார் 17 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 8 கிராம் உள்ளவருக்கு அது பத்தரை மி.லி.தான். இருவர் விரலிலும் கருவி 98 என்றே காட்டும். தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறைவதால் அமிலம் சீக்கிரம் சேருகிறது, இதயம் படபடக்கிறது, மூச்சு முன்கூட்டியே விரட்டப்படுகிறது.

எனவே முதல் வேலை ரத்தப் பரிசோதனை. முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு இம்மூன்றையும் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. 12-க்கு மேல் இருந்து ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருந்தாலும் ஓட்டத்தில் அது தெரியலாம். அதற்கும் மருந்து உண்டு.

குறைவு என்று தெரிந்தால் இரும்புச்சத்து மாத்திரைதான் மருந்து. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடும் என்று அம்மா சொல்லக்கூடும். ஈரல், மீன், கீரை எல்லாம் நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் சேமிப்பே தீர்ந்துபோன உடலை உணவால் மட்டும் மூன்று மாதத்தில் தேற்றிவிட முடியாது. மாத்திரையை எலுமிச்சைச் சாறுடனோ கொய்யாவுடனோ எடுத்துக்கொள்ளுங்கள். டீ, காபி, பால் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் மாத்திரையைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் எடுக்கும் முறையும் இருக்கிறது, நரம்பு வழியே ஏற்றும் முறையும் இருக்கிறது. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் வரை ஏறுவதை எதிர்பார்க்கலாம். ஏறவே இல்லை என்றால் குடற்புழுவா, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறா, ரத்தம் வேறெங்கும் கசிகிறதா என்று தேட வேண்டும். மாதவிடாய் ஏன் நீள்கிறது என்பதை மகளிர் நல மருத்துவர் பார்க்காமல் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால், ஏறுவது ஒருபக்கம், போவது மறுபக்கம் என்றாகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு 23 வயது, நீங்கள் வயது வந்தவர். உங்கள் மாதவிடாய் விவரத்தை அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் தனியாகப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை மருத்துவர் வீட்டாரிடம் சொல்லக் கூடாது. பெண் மருத்துவரைக் கேட்கலாம். ஆண் மருத்துவர் பரிசோதித்தால் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. தேர்வுக்குப் போகும் நீங்கள் அந்த நகல்களைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பத்து நிமிட இருமல்

ஓட்டத்தை நிறுத்தியபின் தொடங்கும் இருமலைத் தனியாகப் பார்க்க வேண்டும். வேகமாக மூச்சு விடும்போது வறண்ட காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சிலருக்கு அதனால் குழாய் சுருங்குகிறது. நிறுத்திய ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், அரை மணி, ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். உங்கள் இருமலும் அந்தக் கணக்கில் பொருந்துகிறது. ஆனால் புழுதி மைதானத்தில் ஓடினால் நோயே இல்லாதவருக்கும் இருமல் வரும். ஆகவே ஊகிக்காமல் ஸ்பைரோமெட்ரி எடுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஊதிப்பார்த்து, முதல் வினாடியில் வெளியேறும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைகிறதா என்று பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் விசாரியுங்கள். ஓடாத நேரத்திலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்று ஏதாவது இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்ஹேலரை மருந்துக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். தேவை என்று மருத்துவர் சொன்னால் மறுக்கவும் வேண்டாம். இன்ஹேலர் போதைப்பொருளைப்போல் பழகிவிடாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை ஒரு முறை உறிஞ்சினால் 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை நாற்பது முறை உறிஞ்சுவதற்குச் சமம். மாத்திரையை விழுங்கத் தயங்காத வீடுகள் இன்ஹேலருக்கு அஞ்சுவதற்குக் காரணமே இல்லை என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் அதைத் தினமும் தேட வேண்டியிருந்தால், குழாயின் அழற்சியைத் தணிக்கும் வேறு மருந்து தேவை என்று பொருள். அதையும் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். தேர்வின் மருத்துவப் பரிசோதனையில் கேட்டால் எதையும் மறைக்காதீர்கள். கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டும் மருத்துவரின் அறிக்கை கையில் இருப்பது, மறைத்துப் பின்னால் தெரியவருவதைவிடப் பாதுகாப்பு.

இதயத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, இளம்பெண்களுக்கு மூச்சிரைப்பாக மட்டுமே வெளிப்படுவது நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் என்று எது இருந்தாலும் இசிஜி, எக்கோ எடுக்கும்வரை ஓட வேண்டாம்.

காணொளிப் பயிற்சிகள்

முப்பது முறை ஆழமாக மூச்சிழுப்பதை இன்றே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே 98 நிரம்பிய ரத்தத்தில் இன்னும் சேமிக்க இடமில்லை. வெளியேறுவது கரியமில வாயுதான். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். நீங்கள் உட்கார்ந்துவிட்ட அன்று இதுதான் நடந்திருக்க வேண்டும். இதைக் கிணற்றிலோ குளத்திலோ முங்குவதற்கு முன் யாரும் செய்யவே கூடாது. மூச்சு விடச் சொல்லி எச்சரிக்கும் வாயுவே குறைந்துவிடுவதால், எச்சரிக்கை வருவதற்கு முன்பே தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடும். உயிர் போன சம்பவங்கள் உண்டு.

மூக்கால் மட்டுமே சுவாசிப்பது மெதுவான ஓட்டத்துக்குச் சரி. நிமிடத்துக்கு 35, 40 லிட்டரைத் தாண்டும்போது உடல் தானாகவே வாயைத் திறக்கும், திறக்க விடுங்கள். முகமூடி கட்டி ஓடுவதால் மலையில் ஓடிய பலன் கிடைப்பதில்லை, மூச்சிழுக்கத்தான் சிரமம். ஆரோக்கியமான இளவயதினருக்கு ஓட்டத்தின் எல்லையைப் பெரும்பாலும் வகுப்பது இதயமும் ரத்தமும் தசையும்தான். பயிற்சியால் நுரையீரல் பெரிதாவதில்லை. அதே வேகத்தில் அமிலம் குறைவாகச் சேருவதால் மூச்சு வாங்குவது குறைகிறது.

இந்த மூன்று மாதம்

ரத்த அறிக்கை வரும்வரை முழு வேகத்தில் 400 மீட்டர் ஓட வேண்டாம். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றால் நடை மட்டும். ஓட்டத்தை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லட்டும். அதற்கு மேல் என்றால், வாரத்தில் மூன்று நான்கு நாள் இருபது முப்பது நிமிடம் மெதுவோட்டம். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பேச்சு அறுந்தால் நடைக்கு மாறுங்கள். நான்காவது வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் 200 மீட்டரை 72 முதல் 74 வினாடியில் ஓடி, மூச்சு தணியும்வரை நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கு முறை போதும். வேக ஓட்டம் எதற்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் உடலைச் சூடேற்றுவது கட்டாயம். மூச்சுக்குழாய் சுருங்குவதையும் அது குறைக்கும்.

முதல் 100 மீட்டருக்கு 36 வினாடி என்பதை உங்கள் கால் பழக வேண்டும். உங்கள் அண்ணன் உதவ விரும்பினால், ஆக்சிமீட்டரை வீட்டில் வைத்துவிட்டு, ஸ்டாப்வாட்சோடு 100 மீட்டர் கோட்டில் நின்று நேரத்தை உரக்கச் சொல்லட்டும். ஆரம்பத்தில் மற்றவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு ரத்தத்தை மறுபடி பாருங்கள். ஹீமோகுளோபின் இன்னும் 10-ஐத் தொடவில்லை என்றால், இந்த முறை ஓடுவதா அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பதா என்பதை உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எப்படியானாலும், அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்த வேண்டாம். சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும்.